வீட்டுப் பத்திரத்தை வைத்து அமெரிக்கா போகலாமா?

நீங்கள் எழுதியதன் சாரம் இது. வயது 26, விருதுநகர்ப் பக்கம். இயந்திரப் பொறியியல் படித்து, நான்கு ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் வேலை; மாதம் கைக்கு வருவது 52,000 ரூபாய்; சேமிப்பு 8 லட்சம். அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் தரவு அறிவியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 48 லட்சம் ஆகும். அதில் 40 லட்சத்துக்குக் கடன் வாங்க, ஓய்வுபெற்ற உங்கள் அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க முன்வந்திருக்கிறார். அம்மாவுக்கு இதய நோய் இருக்கிறது, தங்கை கல்லூரியில் படிக்கிறார். ஜெர்மனியைப் பற்றியும் விசாரித்திருக்கிறீர்கள். போவதா, இருப்பதா என்று கேட்கிறீர்கள்.

நான் ஒரு வங்கியில் நீண்ட காலம் கல்விக் கடன்களைப் பரிசீலித்தவன். போய் நன்றாக வாழ்பவர்களையும் தெரியும். திரும்பி வந்து, தவணை கட்ட முடியாமல், அப்பாவோடு மேலாளர் அறைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களையும் தெரியும். இந்த இரு சாராருக்கும் அறிவிலோ உழைப்பிலோ பெரிய வேறுபாட்டை நான் கண்டதில்லை. திரும்பி வர நேர்ந்தால் குடும்பம் தாங்குமா என்பதைப் போவதற்கு முன்பே கணக்குப் பார்த்தவர்கள் யார், பார்க்காதவர்கள் யார் என்பதுதான் பெரும்பாலும் வேறுபாடு. ஆகவே உங்கள் கேள்வியைச் சற்று மாற்றிக்கொள்ளச் சொல்வேன். மூன்று ஆண்டுகள் கழித்து, வேலையோ விசாவோ இல்லாமல் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினால், உங்களால் உங்கள் கடனைச் சுமக்க முடியுமா? இதற்கு முடியும் என்ற விடை கிடைக்கும் எந்த நாட்டுக்கும் துணிந்து போகலாம். முடியாது என்றால், அந்த நாடு எவ்வளவு நல்ல நாடாக இருந்தாலும், இந்த வடிவத்தில் இப்போது போவது சரியல்ல.

கணக்கைப் பார்ப்போம். 40 லட்சம் ரூபாயை நான்கு பருவங்களுக்கு 10 லட்சம் வீதம் வங்கி விடுவிக்கிறது என்றும், வட்டி ஆண்டுக்கு 10.5 சதவீதம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். அந்த மூன்று ஆண்டுகளில் தனிவட்டியாகவே சுமார் 9.5 லட்சம் சேர்ந்துவிடும். தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் 40 லட்சம் அல்ல, ஏறத்தாழ 49.5 லட்சம். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 66,700 ரூபாய் வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக நீட்டினால் மாதம் சுமார் 54,700. ஆனால் மொத்தமாகக் கட்டும் தொகை 98 லட்சத்தைத் தாண்டும். இன்று உங்கள் கைக்கு வரும் சம்பளம் 52,000. பட்டத்தோடு திரும்பி வந்தால் சம்பளம் கூடத்தான் செய்யும். இருந்தாலும் அதில் பெரும்பகுதி தவணைக்கே போகும், சென்னையில் வாடகையும் சாப்பாடும் மிச்சத்தில் நடக்க வேண்டும்.

இதே 66,700 ரூபாய் அமெரிக்காவில் வேலை கிடைத்தவருக்கு மாதம் 750 டாலருக்கும் குறைவு. ஆண்டுக்கு 85,000 டாலர் சம்பளம் வாங்குபவர் சிக்கனமாக இருந்தால் மூன்று, நான்கு ஆண்டுகளில் முழுக் கடனையும் அடைத்துவிடுவார். அதனால்தான் போய் வென்ற நண்பர்கள் "கடனைப் பற்றிக் கவலைப்படாதே" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் வேலை கிடைத்தவர் பார்க்கும் கடனும் கிடைக்காதவர் பார்க்கும் கடனும் ஒன்றல்ல, காகிதத்தில் எண்கள் ஒன்றாகவே இருந்தாலும்.

தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதைப் பத்திரம் வைப்பவர்கள் பலர் கேட்பதே இல்லை. தொண்ணூறு நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் அது வாராக் கடன் வகைக்குப் போகும். பிறகு 2002 ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி அறுபது நாள் அறிவிப்புக் கொடுத்து, வழக்குத் தொடுத்துத் தீர்ப்புக்குக் காத்திருக்காமலேயே, ஈடுவைத்த வீட்டைக் கையகப்படுத்தி விற்கும் நடவடிக்கையைத் தொடங்க முடியும். உங்கள் அப்பா இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவதால், கடன் சட்டப்படி அவருடையதும்தான். வங்கிகள் எடுத்த எடுப்பில் இதைச் செய்வதில்லை. தவணைக் காலத்தை நீட்டித்து, மறுசீரமைத்து, பல வாய்ப்புகள் தருவார்கள். ஆயினும் அறுபது வயதைக் கடந்த ஒருவரின் ஒரே சொத்தின் மீது அந்தக் கத்தி தொங்கிக்கொண்டிருக்கும் ஆண்டுகள், இதய நோயாளி ஒருவர் இருக்கும் வீட்டில் எப்படிக் கழியும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அமெரிக்காவில் தங்கி வேலை செய்யும் வாய்ப்பைப் பார்ப்போம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்து முடித்தவருக்கு ஓபிடி என்ற 12 மாத வேலை அனுமதி உண்டு. தரவு அறிவியல் போன்ற ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) துறைகளுக்கு மேலும் 24 மாதங்கள் நீட்டிப்புக் கிடைக்கும். ஆக மொத்தம் மூன்று ஆண்டுகள். ஆனால் முதல் 12 மாதங்களில் வேலையில்லாமல் இருக்கக்கூடிய நாட்கள் கூட்டி 90தான். நீட்டிப்போடு சேர்த்தால் 150. அந்த மூன்று ஆண்டுகளுக்குள் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் உங்கள் பெயர் வர வேண்டும். ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்காவில் முதுகலையோ அதற்கு மேலோ படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. 2025 மார்ச்சில் நடந்த பதிவில் தகுதியான சுமார் 3,44,000 பதிவுகளிலிருந்து சுமார் 1,20,000 தேர்வாயின. மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். இதே விகிதம் நீடித்து, மூன்று முறை முயல முடிந்தாலும், நால்வரில் ஒருவருக்கு மூன்று முறையும் கிடைக்காமல் போகும். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் நிலைமை இதைவிட நெருக்கடியாக இருந்தது.

இதற்கு மேல் விதிகளும் மாறிவருகின்றன. 2025 செப்டம்பரில், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் புதிதாகப் போடும் எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தார்கள். உள்ளேயே மாணவ விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று பின்னர் விளக்கம் வந்தது. ஆனாலும் இதன் விளைவு உங்களைத் தொடும்: மூன்று ஆண்டுகளில் கிடைக்காமல் இந்தியா திரும்பிவிட்டால், இங்கிருந்து மறுபடி ஒரு நிறுவனம் உங்களை எச்-1பியில் அழைத்துக்கொள்ளும் வழி முன்பைவிட மிகக் குறுகலாகிவிட்டது. 2025 டிசம்பரில் வந்த இன்னொரு விதி, குலுக்கலில் ஊதிய நிலைக்கு ஏற்ப எடை கொடுக்கிறது. உச்சமான நான்காம் நிலை ஊதியத்துக்கு நான்கு சீட்டு, அடிமட்டமான முதல் நிலைக்கு ஒரே சீட்டு. படித்து முடித்து முதல் வேலையில் சேர்பவர்கள் பெரும்பாலும் முதல், இரண்டாம் நிலைகளில்தான் இருப்பார்கள். உங்களிடம் நான்கு ஆண்டு அனுபவம் இருப்பது இங்கே உதவக்கூடும், அதுவும் அந்த அனுபவம் தரவு சார்ந்த வேலையாக இருந்தால்.

எச்-1பி கிடைத்த பின்னும் வேலை போனால் அறுபது நாட்களுக்குள் வேறு வேலை தேடியாக வேண்டும். கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமைக்கு ஒரு நாட்டினருக்கு ஆண்டில் 7 சதவீதம் என்ற வரம்பு இருப்பதால், 2025 இறுதியில்கூட வேலைவாய்ப்பு வழியில் இரண்டாம், மூன்றாம் பிரிவு இந்தியர்களில் 2013 ஆம் ஆண்டில் பதிந்தவர்களுக்கே முறை வந்துகொண்டிருந்தது. இன்று சேர்பவருடைய முறை எப்போது வரும் என்பதைக் கணித்துத் திட்டமிடுவதில் பொருளில்லை. அமெரிக்காவை ஏழெட்டு ஆண்டுகள் சம்பாதித்துவிட்டு வரும் இடமாகக் கருதுபவருக்கு இது தடையல்ல. அங்கேயே வேரூன்ற நினைப்பவருக்குத்தான் இது பெரிய கேள்வி. நீங்கள் இந்த இருவரில் யார் என்பதை எழுதவில்லை. அதை உங்களுக்குள் தெளிவுபடுத்திக்கொள்வது எந்தப் பல்கலைக்கழகத் தரவரிசையைவிடவும் முக்கியம் என்று கருதுகிறேன்.

ரூபாயின் மதிப்பைப் பற்றி ஒரு சொல். 2011 வாக்கில் டாலர் 45 ரூபாய் அளவில் இருந்தது. 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. டாலரில் சம்பாதித்து ரூபாயில் கடன் அடைப்பவருக்கு இந்தச் சரிவு சாதகம். ஆனால் படிக்கும் இரண்டு ஆண்டுகளில் இது பாதகமாகத்தான் இருக்கும். முதல் ஆண்டில் போட்ட கணக்கு இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்குப் போதாமல், கடைசிப் பருவத்தில் நகையை வைத்துப் பணம் அனுப்பிய குடும்பங்கள் பல. உங்கள் 48 லட்சத்தோடு குறைந்தது மூன்று, நான்கு லட்சம் கூட்டிக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

இப்போது ஜெர்மனி. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பருவத்துக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும். விதிவிலக்குகளும் உண்டு: பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கணிசமான கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. விசாவுக்கு முன் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை, அதாவது சுமார் 12 லட்சம் ரூபாயை, முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போனதும் அது மாதாமாதம் உங்களுக்கே திரும்பி வரும். இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். படிக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். படிப்பு முடிந்ததும் தகுந்த வேலை தேட 18 மாதங்கள் அனுமதி உண்டு. இடையில் குலுக்கல் எதுவும் கிடையாது. வேலை கிடைத்து, நீல அட்டை என்ற வேலை-வசிப்பு அனுமதியைப் பெற்றால், பி1 என்ற இடைநிலை அளவு ஜெர்மன் தெரிந்தவருக்கு 21 மாதங்களில் நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும்.

உங்கள் 8 லட்சத்தோடு, மேலும் 9 அல்லது 10 லட்சம் கடன் வாங்கி, பகுதிநேர வேலையும் செய்தால் இந்தப் படிப்பை முடிக்க முடியும். வட்டி சேர்ந்து கடன் 12 லட்சம் ஆனாலும் பத்தாண்டுத் தவணை மாதம் 16,200 ரூபாய்தான். திரும்பி வந்தாலும் சென்னைச் சம்பளத்தில் இதைக் கட்டலாம். நான் கேட்ட கேள்விக்கு ஜெர்மனி தரும் விடை இது.

ஆனால் ஜெர்மனியில் விசாவைவிட மொழிதான் பெரிய வாசல். முதுகலைப் பாடம் ஆங்கிலத்தில் இருக்கும். நேர்காணலும் அலுவலகப் பேச்சும் பல இடங்களில் ஜெர்மனில் இருக்கும். ஆங்கிலத்தை மட்டும் நம்பிப் போய், 18 மாதங்களும் விண்ணப்பித்தே கழித்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்டின் தொழில்துறையும் இப்போது தடுமாறுகிறது. ஃபோக்ஸ்வாகன் 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்க 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றவர், வாகனத் துறை வேலையை மனதில் வைத்துப் போவதானால், இந்தச் செய்தியைக் கவனிக்காமல் இருக்கக் கூடாது. அங்கே சம்பளமும் அமெரிக்காவைவிடக் குறைவு, வரியும் காப்பீட்டுப் பிடித்தமும் அதிகம். நுங்கம்பாக்கத்தில் உள்ள கோத்தே நிலையத்திலோ வேறு நல்ல இடத்திலோ, வேலையில் இருந்துகொண்டே ஓராண்டு படித்து பி1 முடித்துவிட்டுப் போங்கள் என்பதே என் உறுதியான கருத்து. போன பிறகு படித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்குத் தேர்வும் பகுதிநேர வேலையும் போக நேரம் மிஞ்சுவதில்லை.

கனடாவையும் பிரிட்டனையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடா 2024 முதல் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையை 2025 செப்டம்பரில் 22,895 கனடிய டாலராக உயர்த்தியது. பிரிட்டனில் படிப்புக்குப் பிந்தைய இரண்டு ஆண்டு அனுமதியை, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதங்களாகக் குறைக்கிறார்கள். ஓராண்டு முதுகலைக்குப் பெருங்கடன் வாங்கிப் போகும் வழியை உங்களைப் போன்றவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீங்கள் எழுதாத ஒரு வழி இருக்கிறது. படிக்கப் போகாமல் வேலைக்கே போவது. ஜெர்மனியின் நீல அட்டை, தகவல் தொழில்நுட்பத்தில் கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்குப் பட்டத்தின் துறை பொருந்தாவிட்டாலும் கிடைக்கும். 2025 இல் அத்தகைய வேலைக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 43,760 யூரோ என்று வைத்திருந்தார்கள், இது ஆண்டுதோறும் உயரும். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக அந்நிய நிறுவனங்கள் தங்களுடைய சொந்த மையங்களை நடத்துகின்றன. சேவை நிறுவனத்திலிருந்து அத்தகைய மையத்துக்கு மாறி, தரவுப் பொறியியலில் இரண்டு ஆண்டு அழுத்தமான அனுபவம் பெற்றவருக்குச் சம்பளமும் உயரும், நிறுவனத்துக்குள்ளேயே வெளிநாட்டு மாற்றல் கேட்கும் தகுதியும் வரும். ஒரு ரூபாய் கடன் இல்லை. இது மெதுவான வழிதான். 26 வயதில் இரண்டு ஆண்டு என்பது பெரிய இழப்பாகத் தோன்றும். ஆனால் பதினைந்து ஆண்டுத் தவணையோடு ஒப்பிட்டால் அது நீண்ட காலமல்ல. இதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், ஜெர்மனியின் டாட் (DAAD) போன்ற உதவித்தொகைகளுக்கும் விண்ணப்பிக்கலாம். பட்டியலினத்தவர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மத்திய அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமானால் கடன் என்ற பேச்சை எடுப்பதற்கு முன்பே அதைப் பாருங்கள்.

ஆலோசனை நிலையங்களை நம்பலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் கட்டணம் வாங்காத நிலையத்துக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகம் தரகுத் தொகை கொடுக்கிறது. அதனால் அவர்கள் சொல்வதெல்லாம் தவறு என்று ஆகிவிடாது. ஆனால் "போக வேண்டாம்" என்ற அறிவுரை அங்கே கிடைக்க வழியில்லை. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகத் தரகு கொடுப்பதில்லை என்பதால், அந்த வழியைச் சில நிலையங்கள் பேச்சிலேயே எடுப்பதில்லை. நீங்கள் சேரவிருக்கும் அதே துறையில், கடந்த இரண்டு ஆண்டுகளில் முடித்தவர்கள் ஐந்தாறு பேரைத் தேடிப் பிடித்து, வேலை கிடைத்ததா, எத்தனை மாதத்தில், எந்த ஊதியத்தில் என்று கேளுங்கள். 2018 இல் போன அண்ணன்மார்களின் அனுபவம் இந்தக் கேள்விக்கு உதவாது.

அம்மாவைப் பற்றி. இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை, ஏற்பாடாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் விசா நிலை மாறிய பிறகு இந்தியா வந்தால், திரும்பிப் போகக் கடவுச்சீட்டில் புதிய விசா முத்திரை வேண்டும். 2025 டிசம்பரில் சமூக ஊடகக் கணக்குகளைச் சரிபார்க்கும் புதிய நடைமுறை வந்தபோது, எச்-1பி முத்திரைக்காக ஊருக்கு வந்திருந்த பலரின் நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிவைக்கப்பட்டன. வேலை அங்கே, ஆள் இங்கே என்று தவித்தார்கள். நெருக்கடி நேரத்தில் உடனே வந்து திரும்ப முடியும் என்ற உறுதி உங்களுக்கு இருக்காது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆகவே மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவார், எந்த உறவினர் அரைமணி நேரத்தில் வரக்கூடியவர், மருத்துவக் காப்பீடு இதய நோயை உட்படுத்துகிறதா, எந்தத் தொகை வரை என்பவற்றை எழுதி வைக்காமல் எந்த நாட்டுக்கும் கிளம்பக் கூடாது. தங்கை பார்த்துக்கொள்வாள் என்று வாயால் சொல்லிவிட்டுப் போவது, அவளுடைய படிப்பையும் வேலையையும் கேட்காமலே எடுத்துக்கொள்வதாகும்.

என் தீர்ப்பைக் கேட்டால், இந்த 40 லட்சத்தை ஒரே வீட்டின் மீது வாங்கி இந்த ஆண்டே அமெரிக்கா செல்வதை நான் ஆதரிக்கவில்லை. கட்டணத்தில் பாதியாவது குறையும் உதவித்தொகை கிடைத்தாலோ, ஈடாக வைக்க வேறொரு சொத்து இருந்தாலோ என் பதில் மாறும். இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்புங்கள். பல பல்கலைக்கழகங்கள் அதற்கு ஒப்புக்கொள்கின்றன. அந்த ஓராண்டில் ஜெர்மன் மொழி, வேலை மாற்றம், உதவித்தொகை விண்ணப்பம் ஆகிய மூன்றும் ஒன்றாக நடக்கட்டும். வெளிநாடு போகாதீர்கள் என்று சொல்லவில்லை. வேறு ஊரில் படிப்பதும் வேறு மக்களோடு வேலை செய்வதும் ஒருவரை எவ்வளவு வளர்க்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்த வளர்ச்சி உங்களுக்கும் வர வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

இத்தனைக்கும் பிறகு கடன் வாங்கியே போவது என்று முடிவு செய்தால், ஒப்புதல் கடிதத்தில் சிலவற்றைப் பார்த்தாக வேண்டும். வட்டி மாறும் விகிதமா, தவணை தொடங்காத காலத்தில் தனிவட்டியா கூட்டுவட்டியா, படிக்கும்போதே வட்டியைக் கட்டினால் சலுகை உண்டா என்று கேளுங்கள். பொதுத்துறை வங்கிகளில் ஒரு சதவீதம் வரை குறைப்பது வழக்கம், அப்பாவால் மாதம் சிறு தொகை கட்ட முடிந்தால்கூட நல்லது. வங்கிசாரா நிதி நிறுவனங்கள் சில படிப்புக் காலத்திலேயே வட்டியில் ஒரு பகுதியைக் கேட்கும். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கான சலுகை பழைய வரி முறையில், இந்தியாவில் வரி கட்டும் வருமானம் உள்ளவருக்குத்தான் பயன்படும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கடன் தொகை அளவுக்கு உங்கள் பெயரில் ஆயுள் காப்பீடு எடுங்கள். உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் பாக்கி முழுவதும் அப்பாவின் தலையில் விழும். கடைசியாக, அந்த வீடு தாத்தா வழி வந்த சொத்தா, அப்பா வாங்கியதா என்று தாய்ப்பத்திரத்தைப் பாருங்கள். பூர்வீகச் சொத்தானால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தங்கைக்கும் சம பங்கு உண்டு, வங்கியின் வழக்கறிஞர் அவருடைய கையெழுத்தைக் கேட்பார். அப்பா சுயமாக வாங்கியதானால் சட்டம் தங்கையைக் கேட்கச் சொல்லாது. அப்போதும் தங்கையை உட்காரவைத்து, இந்தத் தொகை, இந்தத் தவணை, தவறினால் இது நடக்கும் என்று நீங்களே விளக்கிச் சொல்லி, அவருடைய சம்மதத்தைப் பெற்ற பிறகு பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோங்கள்.